மாளிகையில் மிஞ்சியது

மெல்பேர்ண், 1974.

இன்று மாலை உள்ளூர் வரலாற்று வகுப்பில் கட்டுரை வாசிப்பது என் முறை. நாங்கள் வசிக்கும் ரோவில் புறநகரில் ஓர் ஆங்கிலேயர் தன் ஊர்ப் பாணியில் கட்டி, பின்னர் இடிக்கப்பட்ட ஆஷ்கோம்ப் மாளிகையின் வரலாற்றை வாசித்தேன். மூன்று முறை சரிபார்த்திருந்தும், ஏதும் பிழை இருக்குமோ என்ற சந்தேகம் போகவில்லை.

முடித்ததும், கூடப் படிக்கும் எழுபது வயது மிஸிஸ் ஹார்ட்லி எழுந்தார்.

"நான் பிறந்த வீடு அது. ஒன்றுமே மிஞ்சவில்லையா? சின்ன வயதில் அப்பாவோடு சேர்ந்து ஓர் ஓக் கன்று நட்டேனே!"

"அது நிற்கிறது," என்றேன்.

"நிச்சயமாகவா?"

"காலையிலும் பார்த்தேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போவீர்களா? ஒருதரம் தொட்டுப் பார்த்தால் போதும்."

"கட்டாயம்," என்றேன். எதற்கும் தயங்குகிற எனக்கு இதில் மட்டும் சந்தேகமே வரவில்லை. மாளிகைக் காணியைத் துண்டு துண்டாக விற்றபோது அக்காவின் கணவர் அத்தானும் ஒரு துண்டு வாங்கித்தான் எங்கள் வீட்டைக் கட்டினார். அந்த ஓக் என் அறை ஜன்னலுக்கு நேரே நிற்கிறது.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைத் திறந்தேன். மேசைமேல் தெருவிளக்கின் வெளிச்சம் விழுந்திருந்தது. முன்பு ஒருநாளும் விழுந்ததில்லை.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா உற்சாகமாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, பாத்தியே? அத்தான் ஆள் பிடிச்சு மத்தியானமே மரத்தை அடியோட தறிப்பிச்சுப்போட்டார். அறை ஒரே இருட்டு, மாளிகைக் கதை எழுத ஏலாமல் கிடக்கெண்டு நீதானே புறுபுறுத்தனி? இனி வடிவா இருந்து எழுது!"