சோடி டிக்கட்

"சோடி டிக்கட் கடைசியா ரெண்டுதான் கிடக்கு ராத்தா. வேணுமா, வேணாமா?" என்று கவுண்டருக்குள் இருந்த முஸ்தாக் அவசரப்படுத்தினான்.

நிப்லா சட்டென்று கைப்பையைத் திறந்தாள். கல்முனைக் கடற்கரை உணவுத் திருவிழாவில் வட்டிலப்ப வகுப்பு, ஒரே தட்டில் கூடிச் சாப்பிடும் சஹன் விருந்து என்று விசேஷ நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. அவளுக்கு வேண்டியதோ 'எங்கட ஊட்டு ஆணம்' என்ற குழம்புப் போட்டி மட்டும்தான். மனைவிமார் வீட்டில் மீன் ஆணம் காய்ச்சிக் கொண்டுவர வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காரும் கணவன்மார் எல்லாச் சட்டியிலும் ருசி பார்த்து, எது தங்கள் வீட்டு ஆணம் என்று சொல்ல வேண்டும்.

"மாப்பிள்ளை சரியாச் சொல்லுவாரா ராத்தா?"

"மீன் யாவாரி றிஷாட்ட நாக்கு தம்பி அது! என்ட கைய அவருக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?"

வாய்தான் அப்படிப் பீற்றிக்கொண்டது. மனசுக்குள் பயம் இருந்தது. கொஞ்சக் காலமாக றிஷாட் சோற்றைக் கிளறிவிட்டு எழும்பிவிடுகிறான். கேட்டால், மீன் எடுக்கப் போன இடத்தில் தின்றுவிட்டதாகச் சொல்கிறான்.

"உன்ட ஆணம் அவனுக்குச் சலிச்சிப் போச்சு புள்ள" என்று மதினி ஹாஜறா நாலு பேருக்கு முன்னால் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நிப்லாவால் மறக்கவே முடியவில்லை. அவள் கைப்பக்குவத்தை அவன் வாயாலேயே, ஊரறியச் சொல்ல வைத்தால்தான் அவளுக்கு உறக்கம் வரும்.

அவளுக்குப் பின்னால் நின்ற பெண் வட்டிலப்ப வகுப்புக்கு வந்தவள். முறை வந்ததும் அவள் மனதை மாற்றிக்கொண்டாள்.

"வட்டிலப்பம் வேணாம் தம்பி. மிச்சமிரிக்கிற அந்தச் சோடி டிக்கட்டத் தாங்க. பேர் கைருன்னிஸா."

"மாப்பிள்ளை கட்டாயம் வரணும் ராத்தா."

"வருவார். வராம எங்க போற?"

நம் வாயைக் கேட்டதும் இவளுக்கும் ஆசை வந்துவிட்டது, போட்டிக்கு வாறாளாம் போட்டிக்கு! நிப்லா உதட்டைச் சுழித்துக்கொண்டு நடந்தாள்.

திருவிழா அன்று விடியச் சுபஹு தொழுத கையோடு அவள் அடுப்பை மூட்டினாள். பாரை மீனைப் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். தேங்காய்ப்பாலையும் கட்டியாகப் பிழிந்து விட்டாள். "எனக்கு என்னத்துக்கு இந்தக் கூத்து?" என்று முறுக்கிக்கொண்ட றிஷாட்டை, அழுதும் கெஞ்சியும்தான் மேடைவரை கொண்டுபோக முடிந்தது.

ஆண்களின் கண்ணைக் கட்டி உட்கார வைத்த பிறகுதான் பெண்களைச் சட்டிகளோடு மேடைக்குக் கூப்பிட்டார்கள். முடியும்வரை பெண்கள் வாயைத் திறக்கக் கூடாது, யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது. சட்டிகள் ஐந்து இருந்தன. உட்கார்ந்திருந்த ஆண்களோ நால்வர்.

"ஒரு தங்கச்சிட ஆள் இன்னும் வரல்ல போல. பரவால்ல, சட்டி இரிக்கட்டும்" என்று அறிவிப்பாளர் ஜீவராஜ் ஒலிவாங்கியில் சொன்னார்.

கைருன்னிஸா தலையைக் குனிந்து நின்றாள். நிப்லாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. ஊர் கூடிய இடத்தில் பெண்சாதியைத் தனியாக நிற்க விடுகிற மனிசனெல்லாம் ஒரு மாப்பிள்ளையா என்று நினைத்துக்கொண்டாள்.

மற்ற மூவரும் ஒருவாறு சொல்லி முடித்தார்கள். கடைசியாக றிஷாட்டின் முறை வந்தது. முதல் சட்டிக்கு அவன் தலையை ஆட்டி இல்லை என்றான். இரண்டாவது சட்டி நிப்லாவுடையது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தான். "இது ஆர்ர கையோ தெரியா. வாயில வைக்கேலா" என்று தட்டைத் தள்ளினான்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மூன்றாவதும் இல்லை என்றான். நாலாவது சட்டியின் ஆணம் நாக்கில் பட்டதும் அவன் முகம் மலர்ந்துபோனது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கித் தின்று விரலையும் சூப்பினான்.

"இது! வல்லாஹி, இதுதான் எங்கட ஊட்டு ஆணம். நித்திரையில தந்தாலும் சொல்லுவன்!"

நாலாவது சட்டிக்குப் பின்னால் நின்றவள் கைருன்னிஸா.

"ஐயோ றிஷாட் நானா, கவுந்திட்டிங்களே! உங்கட நிப்லா காய்ச்சினத அங்க தள்ளிவிட்டுட்டு இஞ்ச வந்து விரலச் சூப்புறிங்களே!" ஜீவராஜ் ஒலிவாங்கியில் அலறினார். விசில் பறந்தது. முன்வரிசையில் இருந்த ஹாஜறா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது நிப்லாவுக்கு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள். நாக்குத்தானே, ஒரு நாளைக்குத் தவறக் கூடாதா? மானம் போனது போனதுதான், மாப்பிள்ளையாவது மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

றிஷாட் சிரித்தபடியே கட்டை அவிழ்த்தான். சட்டியைப் பார்த்தான். பிறகு அதற்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப றிஷாட் நானா சொன்னது பிழை! இந்தச் சோடிக்குப் பரிசு இல்ல!" என்றார் ஜீவராஜ்.

கைருன்னிஸா கையை நீட்டி ஒலிவாங்கியை வாங்கினாள். அவளுக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை.

"பிழை இல்ல அண்ணன். என்ட ஊடும் அவர்ர ஊடுதான்."