மடக்கிய கீபோர்டு

"இதுல டேப்லெட் மோடை எடுத்துவிடணும்," என்று லேப்டாப்பைக் கடை மேசையில் வைத்தாள் அவள்.

பின்பக்கம் மடங்கிக் கிடந்த கீபோர்டைப் பார்த்துச் சிரித்தார் மெக்கானிக். "புதுசு மாதிரி இருக்கே! தொட்டதே இல்லையாம்மா?"

"வீட்டுக்காரர் ஒத்தை விரலால திரையைத் தட்டியே எழுதுவாரு. ஃபேனைக் குறை, நீ சாப்பிட்டியா... எங்கிட்ட எல்லாமே அதுலதான்."

"ஒரே வீட்டுக்குள்ளயா? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாக்கும்!"

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் டேப்லெட் மோடை நிறுத்தி, கீபோர்டை விரித்துத் தட்டினார். திரையில் எழுத்து விழுந்தது. "இனி பத்து விரலாலயும் வெளுத்து வாங்கச் சொல்லுங்க."

"இது எனக்குங்க. நரம்பு நோயில அவருக்குப் பேச்சு எப்பவோ போயிடுச்சு. மிச்சமிருந்த அந்த ஒத்தை விரலும் நேத்து நின்னுபோச்சு. இனி நான் ஒவ்வொரு எழுத்தா சொல்லணும். சரியான எழுத்து வந்தா கண்ணைச் சிமிட்டுவாரு. அதை நான் டைப் அடிக்கணும்."

மெக்கானிக் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்படிச் செஞ்சு பாத்தீங்களா?"

"காலையில காகிதத்துல ஒரு வார்த்தை எழுதினோம்."

"என்ன வார்த்தைம்மா?"

"'போதும்'னு." லேப்டாப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "வேற ஏதாவது சொல்வாரான்னுதான் இதைத் தூக்கிட்டு ஓடி வந்தேன்."