மட்கார்டு வாங்க வந்தவன்

யுத்த காலம். புதுச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. திண்டிவனத்தில் பழைய கார் சாமான் விற்கும் மொய்தீன் பாயின் கடைக்கு டிரைவர் சவுரிராயன் மட்கார்டு வாங்க வந்திருந்தான்.

பாய் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "கீறல்கூட இல்லப்பா."

"வேணாங்க பாய். நசுங்கினது எதுனா இருக்குதா?"

பாய் சிரித்துக்கொண்டே மூலையைக் காட்டினார். சவுரிராயன் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதுல துரு ஏறிடுச்சுங்க. நசுங்கல் புதுசா இருக்கணும்."

"நசுங்கினதுல புதுசு பழசு பாக்குற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்! என்னா பேஜாருப்பா உன்னோட."

கடைசியில் அவன் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

"தட்டி நிமித்தித் தரட்டுமா?" என்றார் பாய்.

"அப்பிடியே இருக்கட்டுங்க."

"இனிமேலாவது பாத்து ஓட்டுப்பா."

"சரிங்க பாய்."

முந்தாநாள் முகையூர் சாலையில் முதலாளியின் மகன் புதுக் காரை ஏற்றியதில் ஒரு பெண் இறந்துபோனாள். சவுரிராயன் ஓட்டும் பழைய காரில் ஒரு சின்ன அடிகூட இல்லை. சுத்தியால் நசுக்கினால் போலீஸ் கண்டுபிடித்துவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் இந்த மட்கார்டை அதில் மாட்டி, விழுப்புரம் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போய், 'நான்தான் ஏத்தினேன்' என்று அவன் சொல்ல வேண்டும்.