காற்றுப்பிடி

கொய்யைக்கே நகரின் மேல் மதியத்திலேயே புகை இறங்கிவிடுகிறது. நெல்டாவின் வீட்டுச் சுவரில் பதித்த விறகடுப்பு உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருக்கிறது. அதன் கண்ணாடிக் கதவு மை பூசியதுபோல் கறுத்திருக்கிறது. எதிர்வீட்டு ஓர்ஃபெலினா கம்பளிக் கோட்டைக் கழற்றாமலே அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, மாத்தே என்னும் மூலிகைத் தேநீரின் சூடான குடுவையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்திருக்கிறாள். "ரெண்டு நிமிஷம் குளிர் காஞ்சுட்டுப் போறேன்க்கா" என்றுதான் வந்தாள். போன வாரம் தெருக்கூட்டத்தில் இவளைத்தான் நெல்டா, "உன் புகைபோக்கியாலதான் தெருவே இருமுது" என்று எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்தாள்.

"காத்தை ஏன்க்கா இப்படி அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"திறந்துவிட்டா விறகு மளமளன்னு தீந்துடும்டி. எங்க வீட்டுல எப்பவும் இப்படித்தான்."

ஓர்ஃபெலினா குனிந்து, கதவுக்கடியில் காற்றுவழியைத் திறக்கும் பிடியை வெளியே இழுக்கிறாள். அடுப்பு காற்றை உறிஞ்சும் ஓசை கேட்கிறது. படுத்துக் கிடந்த தீ எழுந்து நிற்கிறது. கண்ணாடியின் நடுவிலிருந்து கறுப்பு மெல்லக் கரைய, அவள் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுகிறது. சற்று நேரத்தில், ஜன்னலுக்கு வெளியே நெல்டாவின் புகைபோக்கியிலிருந்து இறங்கி முற்றத்தை மூடியிருந்த வெண்புகையும் விலகுகிறது. எதிர்வீட்டுக் கூரை தெரிகிறது. அதன் புகைபோக்கியின் வாயில் பனி உறைந்து கிடக்கிறது. நெல்டா அதையே பார்க்கிறாள். "உன் அடுப்பு..."

"நீங்க சொன்ன அன்னிலேருந்து பத்தவைக்கலைக்கா" என்கிறாள் ஓர்ஃபெலினா. சொல்லிவிட்டு, கோட்டின் முதல் பொத்தானை இப்போதுதான் கழற்றுகிறாள். நெல்டாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அறையில் இப்போது அவ்வளவு வெளிச்சம்.