கேக்கலையே டெல்பர்ட்

ஹார்லனுக்கு வயித்தெரிச்சல். நான் மட்டும் சொல்லல, எங்க ஊரே சொல்லுது.

காரணம் டெல்பர்ட் ஏலத்துல எடுத்த பழைய ரேடியோ. பாட்டு கேக்கற ரேடியோ இல்ல. அந்தக் காலத்துல வீட்டுல உக்காந்தபடியே ரோட்டுல போற லாரிக்காரங்களோட பேசறதுக்கு வெச்சிருந்த மேசை செட்டு. உள்ளே கண்ணாடி வால்வு, முன்னாடி முள் மீட்டர், பக்கத்துல பளபளன்னு ஒரு மைக். செத்துப்போன ஒரு விவசாயியோட கொட்டகையில எலி குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்த பெட்டி.

அந்த மாதிரி செட்டுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஏங்கினவன் ஹார்லன். ஆனா அது ஏலத்துக்கு வந்த நேரம் பார்த்து, சர்ச் பொம்பளைங்க விக்கற ஆப்பிள் பை பலகாரத்துக்காக வரிசையில நின்னுட்டான். தட்டோட திரும்பி வந்து பார்த்தா, பெட்டி டெல்பர்ட் வண்டியில ஏறியாச்சு.

அன்னிக்குத் தின்ன ஆப்பிள் பை அவனுக்கு இன்னும் செரிக்கலைன்னு காபிக் கடையில சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.

டெல்பர்ட் குளிர்காலம் பூரா அதுமேலேயே கவுந்து கிடந்தான். வீங்கிப்போன கெபாசிட்டரை எல்லாம் மாத்தினான். எலி கடிச்ச வயரைப் புதுசா இழுத்தான். ஈஸ்டர் சமயத்துல ஒருவழியா உயிர் வந்துச்சு.

காலைல காபி நேரத்துல எங்க வட்டாரத்துக்காரங்க எல்லாம் ஒரே சேனல்ல கூடுவோம். புதுசா செட்டு வெச்சவங்க மைக்கை அமுக்கி, "என் குரல் எப்படி வருது?"ன்னு கேக்கணும். தன் குரல் எப்படிப் போகுதுன்னு தனக்குத் தெரியாது, மத்தவங்க சொன்னாத்தான் உண்டு. வேற எதுல புளுகினாலும் அதுல மட்டும் நாங்க புளுக மாட்டோம்.

டெல்பர்ட் கேட்டான். அடேயப்பா, என்ன குரல். ஊர்க்கோடியில இருக்கற என் சமையலறையில, எதிர் நாற்காலியில உக்காந்து பேசறாப்பல இருந்துச்சு. அதுவரைக்கும் சேனல்ல நல்ல குரல்னா அது என்னுதுதான். எனக்கே லேசா எரிஞ்சுது, மறைப்பானேன். இருந்தாலும் பிரமாதம்னுதான் சொன்னேன்.

எல்லாரும் புகழ்ந்து ஓய்ஞ்சப்புறம் ஹார்லன் வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணும் சரியா கேக்கலையே டெல்பர்ட். கரகரங்குது. உள்ளே ஏதோ கோளாறு."

அவன் எதிர் வீட்டுக்காரன். ஆன்டெனாவைக் கழட்டிப் போட்டாக்கூட அவனுக்குக் கேக்கும்.

டெல்பர்ட் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. அப்படியா, வந்து பாரேன்னு கூப்பிட்டான். ஹார்லன் ஸ்க்ரூ டிரைவரோட ரோட்டைத் தாண்டிப் போனான். மறுநாளும் கேக்கலைன்னான். மறுநாளும் போனான். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வளர்ந்தாச்சு, அவன் பாட்டு மட்டும் மாறல.

"குளிர்காலத்துல மனைவி செத்த துக்கத்துல இருக்கான் ஹார்லன், விட்டுடு லவோன்"னு எல்லாரும் என்னை அடக்கினாங்க. துக்கம்னா அழுதுட்டுப் போகட்டுமே, அடுத்தவன் பொருளை எதுக்குக் குடையணும்? அந்த வால்வெல்லாம் இப்ப எங்கே தேடினாலும் கிடைக்காது. கை தவறி ஒரு இடத்துல ஸ்க்ரூ டிரைவர் பட்டா, டெல்பர்ட்டோட உழைப்பு அத்தனையும் புகையாப் போயிடும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் மத்தியானம் நேரா டெல்பர்ட் வீட்டுக்கே போயிட்டேன்.

சமையலறை மேசையில செட்டு மூடி கழண்டு கிடந்துச்சு. ஹார்லன் அதுக்குள்ளே தலையை விட்டிருந்தான். பக்கத்துல பாதி சாப்பிட்ட தட்டு. என்னைப் பார்த்ததும், இந்த மரத்துல கீறல் இருக்கு, என் மாமா வெச்சிருந்ததுல ஒரு கீறல்கூட கிடையாதுன்னு ஆரம்பிச்சான். சொல்லிக்கிட்டே அந்த மரத்தைத் தடவிக் குடுத்துட்டிருந்தான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

டெல்பர்ட்டைக் கொல்லைப்பக்கம் இழுத்துட்டு வந்தேன்.

"உனக்கு மூளை இருக்கா? செட்டு அருமையா வேலை செய்யுது. அவன் பொறாமையில புளுகறான்."

"பொறாமைதான்"னான் டெல்பர்ட். "செட்டு ஈஸ்டர்லேர்ந்தே நல்லாத்தான் இருக்கு."

"தெரிஞ்சுமா விட்டு வெச்சிருக்கே?"

அவன் வலைக்கதவு வழியா உள்ளே ஒரு பார்வை பார்த்துட்டுக் குரலைத் தணிச்சுக்கிட்டான்.

"பொண்டாட்டி நாடீனை அடக்கம் பண்ணிட்டு வந்தப்புறம் இவன் கதவையே திறக்கல, லவோன். சாப்பாடு கொண்டுபோய் வெச்சேன், தொடல. கூப்பிட்டேன், வரல. மைக்கைக்கூடத் தொடாம கிடந்தான். என் செட்டைக் குறை சொல்லணும்னுதான் முதல் தடவையா வாயைத் திறந்தான். இப்ப தினமும் குளிச்சு, ஷேவ் பண்ணிட்டு வர்றான். என்னைத் திட்டிக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிடறான். அவன் வர்றதுக்கு முன்னாடி நானே ஏதாவது ஒரு வயரைக் கழட்டி வெச்சுடறேன்."

நானும் வலைக்கதவு வழியா உள்ளே எட்டிப் பார்த்தேன்.

உள்ளேர்ந்து ஹார்லன் கத்தினான். "டெல்பர்ட், மறுபடியும் ஒரு வயர் கழண்டிருக்கு. என்னய்யா வேலை பார்த்திருக்கே நீ?"

குரல்ல அப்படி ஒரு குஷி.

"எனக்கு எங்கே அதெல்லாம் தெரியுது, நீயே பாரப்பா"ன்னு பதில் குடுத்துட்டு, டெல்பர்ட் என் பக்கம் திரும்பினான்.

"நீ ஒரு உதவி பண்ணு, லவோன். நாளைக்குக் காலைல நான் கேட்டா, உனக்கும் சரியா கேக்கலைன்னு சொல்லிடு."