பதில் விசில்

ஐப்பசி பிறந்ததும் வடக்கிலிருந்து ஓர் ஆறுமணிக்குருவி எங்கள் கொல்லைக்கு வந்துவிடும். பகலெல்லாம் வாழையடிச் சருகைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, பொழுது சாயும்போது இரண்டே சுரத்தில் விசிலடிக்கும். கொல்லையில் இருக்கும் குளியலறைக்குள்ளிருந்து என் மகள் தேன்மொழி அதே மாதிரி பதில் விசிலடிப்பாள். தன் இடத்துக்கு இன்னொரு குருவி வந்துவிட்டதென்று அது சண்டைக்குக் கதவுவரை தத்திப் போகும். அவள் உள்ளே சிரிப்பாள். பிறகு, "அம்மா, துண்ட மறந்துட்டேன்" என்பாள். தினமும் மறப்பாள்.

ஆடியில் வந்த காய்ச்சலில் அவள் போய்விட்டாள். குருவிக்கு அது தெரியாது. இன்று வந்து விசிலடித்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. மறுபடியும் அடித்தது.

"பதில் வரலன்னா போயிடுமா அது?" என்றாள் என் மனைவி மங்கை.

நான் உதட்டைக் குவித்துப் பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

அப்போது குளியலறைப் பக்கமிருந்து விசில் கேட்டது. குருவி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கதவை நோக்கித் தத்தியது. கதவு வெளியே தாழிட்டிருந்தது.

"இந்த வருஷம் ரெண்டு வந்திருக்கு போல," என்றேன்.

மங்கை எழுந்து போய்க் கொடியிலிருந்து துண்டை உருவி, அந்தக் கதவின் மேல் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன்பிறகு தரையில் நின்ற குருவியை மட்டும்தான் இருவரும் பார்த்தோம். கதவின் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.