ரத்தத்தில் ஓடுவது தெரான்

கறுப்புக் கண்ணாடி, மருமகனின் தொப்பி, ஆகஸ்டு வெயிலில் காலரை ஏற்றிவிட்ட கோட்டு. ஆல்பின் அந்த மருந்துக்கடை வாசலை மூன்றாவது முறையாகக் கடந்து போனார். உள்ளே நின்ற இளம் ஜோடி வெளியே வரும்வரை பக்கத்துக் கடைக் கண்ணாடிக்குள் உற்றுப் பார்ப்பதுபோல் நின்றார். அங்கே தொங்கியது பெண்களின் நீச்சலுடை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

‘அறுபத்திரண்டு வயசுல உனக்கு இது தேவையாடா ஆல்பின்?’ தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

வெள்ளைத் தரையில் செம்மண் தடங்கள். பதறிப்போய் ஒற்றைக் காலில் நின்று ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்தார். சர்ச்சுக்குப் போடும் ஷூ, பளிச்சென்றுதான் இருந்தது. இருந்த பயத்தில் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

“சொல்லுங்க ஐயா.” கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

“ஒரு மாத்திரை வேணும்மா...” கவுன்டர் மேல் குனிந்து முணுமுணுத்தார். “ஆம்பளைங்க வெளிய சொல்லிக்க முடியாத விஷயம்...”

“புரியுது ஐயா, இதுல வெக்கப்பட என்ன இருக்கு? ஆனா அதுக்கு டாக்டர் சீட்டு வேணுமே. நெஞ்சுவலி ஏதாவது உண்டா?”

“ஐயையோ, அது இல்லம்மா! அதுவா இருந்தா எங்க ஊர்க் கடையிலேயே நிமிந்து நின்னு கேட்டிருப்பேனே!” சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னார். “இரும்புச்சத்து மாத்திரை.”

எல்லைக்கு அந்தப் பக்கம், க்ராஸ் என்ற மேட்டுநிலத்தில் இருக்கும் லிப்னா கிராமத்தில் தெரான் என்ற சிவப்பு ஒயின் தயாரிப்பவர் ஆல்பின். ‘ஒரு கோப்பை தெரான், ஒரு படி ரத்தம்’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முப்பது வருடமாக அளந்துவிட்டவர். போன வாரம் கொடிகளுக்கு நடுவே தலைசுற்றி விழுந்தவரை மனைவி நேவா டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தத்தில் இரும்பு குறைவு என்றார் டாக்டர். எவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, “உங்க வீட்டுத் தாழ்ப்பாள்ல உங்களவிட ஜாஸ்தி இருக்கும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தெரான் திருவிழா. முதல் கோப்பையை உயர்த்திப் பேசும் மரியாதை பதினோரு வருடமாக, அதே ஊரில் போட்டிக்கு ஒயின் போடும் மில்கோவுக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம்தான் ஆல்பினுக்கு. பேச்சின் முதல் வரியே, ‘எங்கள் ரத்தத்தில் ஓடுவது தெரான்!’ விஷயம் கசிந்தால் மில்கோ மேடையில் ஏறி மாத்திரையை நீட்டுவான், ஊரே சிரிக்கும். ஊர் மருந்துக்கடையில் இருப்பதோ மில்கோவின் தம்பி மனைவி. அதனால்தான் எல்லை தாண்டி, பஸ் மாறி, ட்ரியெஸ்ட் நகரம் வரை இந்த மாறுவேடம்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “யாருக்கு ஐயா?”

“என் மாமியாருக்கு.”

“ஆம்பளைங்க விஷயம்னீங்களே?”

“மாமியாரை வச்சுக் காப்பாத்துறது ஆம்பளைங்க கஷ்டம்தானேம்மா?”

“சரி, வயசு?”

“தொண்ணூறு... தொண்ணூத்தொண்ணு.” செத்து ஏழு வருடமான மாமியாருக்கு அவசரத்தில் கணக்குப் போட வரவில்லை.

“தினம் ஒண்ணு குடுங்க. மாத்திரை சாப்பிடுற நேரத்துல மட்டும் சிவப்பு ஒயின் வேண்டாம். முக்கியமா தெரான் வேண்டவே வேண்டாம்.”

“ஏன்?”

“அதோட துவர்ப்பு, இரும்பை உடம்புல ஒட்ட விடாது ஐயா.”

ஆல்பின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கவுன்டரில் வைத்தார்.

“எங்க மண்ணைப் பாத்திருக்கியாம்மா நீ? துருப்பிடிச்ச மாதிரி செக்கச்செவேல்னு இருக்கும். அவ்வளவும் இரும்பு! ஒரு முழம் தோண்டினா சுண்ணாம்புப் பாறை. அதுல வேரை இறக்கி, போரா காத்துக்கிட்ட அடி வாங்கி அடி வாங்கி வளர்ற கொடி. அதே கொடியக் கொண்டுபோய் ஆத்தோரத்துல நட்டுப் பாரு, சர்பத்துதான் வரும்! நாக்கைக் கூச வைக்கிற அந்தப் புளிப்பு, பல்லுல ஏறி உக்காந்துக்குற அந்தக் கறுப்பு, எல்லாம் லிப்னா மண்ணு குடுக்குறது. முப்பது வருஷமா தெனம் ரெண்டு வேளை குடிக்கிறேன். என் உடம்பைப் பாரு, இரும்பு...”

நெஞ்சில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். கடை சுற்றியது. அவள் ஓடிவந்து பிடிக்காவிட்டால் இருமல் மருந்து அடுக்கோடு சரிந்திருப்பார்.

நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மாத்திரைப் பெட்டியை அவளே அவர் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

“மாமியாரை நல்லாப் பாத்துக்குங்க ஐயா.”

ஆல்பினின் உடம்பில் மிச்சம் இருந்த ரத்தம் முழுவதும் முகத்துக்கு ஏறியது. இனி நடித்துப் பிரயோஜனம் இல்லை.

“ஒரே ஒரு உதவி பண்ணும்மா,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “லிப்னாலேருந்து எவன் வந்து கேட்டாலும் சரி, நான் இங்க வந்ததை மட்டும் சொல்லிடாத. ஞாயித்துக்கெழமை வரைக்குமாவது என் மானத்தைக் காப்பாத்து.”

அவளால் அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இந்த வாரத்துல இதையே சொல்ற ஒன்பதாவது லிப்னாக்காரர் நீங்க!”